துருக்காரரின் பன்னிரண்டு கத்தரிகள்

டாக்டர் காகிதத்தில் நேரத்தை எழுதும்போது அவளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. பின்பக்கப் பட்டறையில் ஈரப் பெட்டியின் மூடியை அப்பா ஏழே முக்காலுக்குச் சாத்தியிருந்தார். மூடிமேல் சாக்பீஸால் நேரம் எழுதியிருந்ததைக் காலையில் பல் தேய்க்கும்போது பார்த்திருந்தாள். மூன்றரை மணி நேரம் தாண்டிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த புழுக்கம். இந்தப் புழுக்கத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் இரும்பு சொன்னபடி கேட்காது.

இப்படி நினைப்பதற்காக அவளுக்கு வெட்கமாக இல்லை. கட்டிலில் கிடக்கிற மனிதரால் முடிந்திருந்தால் அவரும் இப்போது கடிகாரத்தைத்தான் பார்த்திருப்பார்.

"தூக்கத்துல போற மாதிரிதான் போயிருக்கார். கஷ்டப்பட்டிருக்க மாட்டார்" என்றார் டாக்டர்.

காலையில் வயிறு சரியில்லை, கொஞ்சம் படுக்கிறேன் என்று வந்து படுத்தவர். பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். அம்மா கொண்டுவந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை தூக்கல்" என்று சொல்லிப் பக்கத்தில் வைத்தார். அதுதான் கடைசிப் பேச்சு. அம்மா அந்த டம்ளரை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அப்பாவின் கால்களை நேராக்கினார். அவள் அண்ணனுக்கும் அத்தைக்கும் போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் சொன்னாள். அண்ணன் வந்துசேர நாலு மணியாகும். எடுப்பது மறுநாள் காலை பத்து மணிக்கு என்று முடிவாயிற்று. எல்லாம் முடிந்து மறுபடி கடிகாரத்தைப் பார்த்தபோது பன்னிரண்டு பத்து.

அந்தத் தெருவில் அப்பாவுக்குப் பேர் துருக்காரர். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிப்பார். கேலியாக ஆரம்பித்த பேர். அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. துரு பிடிக்காமல் இருப்பதற்காக இரும்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் முதல் வேலையாக அதற்குத் துரு பிடிக்க வைப்பார். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, ஒரு மருந்தை மெல்லிசாகத் தடவி, வெந்நீர்த் தட்டு வைத்த மரப்பெட்டிக்குள் கம்பியில் தொங்கவிடுவார். சில மணி நேரத்தில் இரும்பின்மேல் பூனை முடி மாதிரி செந்துரு படரும். அதை அப்படியே கொதிநீரில் போட்டால் சிவப்பு கருப்பாக மாறும். உதிர்வதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மருந்து, மறுபடி பெட்டி, மறுபடி கொதிநீர். ஆறு சுற்று முடிந்து எண்ணெயில் முக்கினால் இரும்போடு இரும்பாக ஒரு கருப்பு நிற்கும். அதற்குமேல் செந்துரு சுலபத்தில் அண்டாது. பெயின்ட் உரியும், முலாம் செதில் செதிலாக வரும், இது வராது. தையல்காரர்களுக்கு இது தெரியும். நாள் முழுக்கக் கை வேர்வையில் ஊறுகிற கத்தரிக்கு வேறு எந்தப் பூச்சும் நிற்பதில்லை. பட்டு வெட்டும்போது ஒரு செதில் மாட்டினால் போதும், துணி போச்சு.

பெட்டிக்குள் இருப்பது பன்னிரண்டு கத்தரிகளின் இருபத்து நான்கு பாதிகள். திங்கட்கிழமை திறக்கப்போகும் ஒரு தையல் பள்ளிக்காகக் கத்தரிக்காரர் இரண்டு மாதம் உட்கார்ந்து அடித்தவை. ஆறு சுற்றில் இது ஐந்தாவது. நேரத்துக்கு எடுக்காவிட்டால் துரு முடியாக நிற்காது, பல்லாக இறங்கும். பள்ளம் விழுந்த இரும்பை ஒன்றும் செய்ய முடியாது. முப்பத்தொரு வருஷத்தில் அப்பா செய்து கொடுத்த ஒரு உருப்படிகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த இருபத்து நான்கு அந்தப் பேரைக் கெடுக்கும். அதுவும் அவர் போன அன்றைக்கே.

அவள் எழுந்து பின்பக்கம் போவதை அத்தை பார்த்துவிட்டாள். அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள், அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எங்கடி போற?"

"பட்டறைக்கு. பெட்டியத் திறக்கணும் அத்தை."

"நாலு பேர் வந்து போற நேரத்துல அடுப்பப் பத்தவச்சு இரும்ப வேகவைக்கப் போறியா? பாக்கிறவங்க என்ன சொல்வாங்க? அண்ணி, இவளைக் கொஞ்சம் கேளுங்க."

அம்மா அப்போதுதான் டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"போகட்டும் விடு. உங்க அண்ணன் எந்திரிச்சு வந்து, பெட்டி என்னாச்சுன்னு கேட்டா நீ பதில் சொல்றியா?"

அத்தைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அதை மறைக்க மறுபடி அழுதாள்.

பட்டறை என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, கேஸ் அடுப்பின்மேல் நீளமான எவர்சில்வர் தொட்டி. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர்க் கேன்கள் சுவரோரமாக. குழாய்த் தண்ணீர் உப்பு, அது இரும்பில் வெள்ளைக் கறை விட்டுவிடும். கதவுக்குப் பக்கத்தில் கண் மட்டத்தில் ஒரு ஆணி. அதில் எதுவும் மாட்டியிருக்காது. மாட்டியதும் இல்லை.

தொட்டி கொதிக்கட்டும் என்று அடுப்பை முழுசாகத் திறந்தாள். அம்மா சோடாவில் துவைத்துக் காயவைத்திருந்த வெள்ளைக் கையுறைகளில் ஒரு ஜோடி எடுத்து மாட்டினாள். பெட்டியைத் திறந்தாள். சூடான ஈரக் காற்று முகத்தில் அடித்தது. இருபத்து நான்கும் ஒரே நிறத்தில், ஒரே அளவு முடியோடு தொங்கின. பன்னிரண்டு முப்பத்தைந்து. சரியான நேரம்.

முதல் பன்னிரண்டைத் தொட்டியில் இறக்கினாள். சிவப்பு கண்ணெதிரே மங்கி, பழுப்பாகி, கருத்தது. எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்த ஒரு நிமிடம் அவளுக்கு அலுத்ததில்லை. லாபில் நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, லீவு நாளில் இங்கே நிற்பாள். தேய்த்து முடித்ததை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்குவது அவள் வேலை. அதனால் அப்பா அவளை இன்ஸ்பெக்டர் என்பார். "இன்ஸ்பெக்டர் அம்மா, இதாவது தேறுமா?" என்று இரண்டு கையாலும் நீட்டுவார். தேறாது என்றால் வாதாட மாட்டார். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இரண்டாவது பன்னிரண்டு கொதித்துக்கொண்டிருந்தபோது கத்தரிக்காரர் வந்தார். முன்பக்கம் அப்பாவைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. வாசலிலேயே நின்றார்.

"இது என்னம்மா. இன்னிக்குப் போய். கத்தரி கெட்டாக் கெட்டுட்டுப் போகுது."

"கெடல மாமா. நேரத்துக்கு எடுத்துட்டேன்."

"நான் அதுக்கு வரல."

"தெரியும். வந்ததுதான் வந்தீங்க, அந்தத் துணிய எடுத்துக் குடுங்க. கையால தொடாதீங்க, நுனியப் பிடிங்க."

அவர் துணியின் நுனியைப் பிடித்து நீட்டினார். பிறகு சும்மா நிற்க முடியாமல் ஸ்டூலை இழுத்தார். ஸ்டூலுக்கு அடியில் ஒரு கையுறை கிடந்தது.

ஒற்றைக் கையுறை. வலது கை. உள்பக்கம் வெளியே வரும்படி உருவிப் போட்டது. அப்பா கையுறையை அப்படிக் கழற்றவே மாட்டார். விரல் விரலாக இழுத்து, இரண்டையும் மடித்து மேசை ஓரத்தில் வைப்பார். இடது கையுறை மேசை ஓரத்தில்தான் இருந்தது, மடித்தபடி. அவள் குனிந்து அந்த ஒற்றையை எடுத்தாள். மணிக்கட்டுப் பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

அதை மேசை டிராயருக்குள் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய எஃகுப் பஞ்சால் உதிர்வதைத் தேய்த்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கடைசியை ஜன்னல் பக்கம் திருப்பியபோது கை நின்றது.

கட்டைவிரல் நுழைகிற வளையத்தின் உள்பக்கத்தில் ஒரு விரல் ரேகை. ரேகையின் மேடுகள் வெளுத்தும் நடுவே உள்ள கோடுகள் கரடாகச் சிவந்தும், கோடு எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. கையின் எண்ணெய் பட்ட இடத்தில் மருந்து பிடிக்கவில்லை. வேர்வையின் உப்பு பட்ட இடத்தில் அளவுக்குமேல் பிடித்துவிட்டது.

கத்தரிக்காரர் எழுந்துவந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"துருக்காரர் கையா?"

"ஆமா."

"உள்பக்கம்தானே. இன்னும் ஒரு சுற்று இருக்கே, மறைஞ்சுடாது?"

"மறையும். அடியில உப்பு இருக்கும். ஒரு வருஷத்துல அதே இடத்துல சிவப்பா வரும்."

அவர் தலையாட்டினார். முன்பக்கம் யாரோ புதிதாக வந்து அழுகிற சத்தம் கேட்டது. அவள் அந்தப் பாதியைத் தனியாக ஒரு துணியில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பெட்ரோல் பங்க் ஆள், இரண்டு தையல்காரர்கள், லாபிலிருந்து மூன்று பேர், பேர் தெரியாத ஒரு பைக் மெக்கானிக். மெக்கானிக் சாவிக்கொத்திலிருந்து ஒரு சின்ன கருப்பு ஸ்பேனரை எடுத்து அம்மாவிடம் காட்டினார். "இருபது வருஷமாச்சும்மா. பாருங்க." அம்மா அதை வாங்கி, மேலும் கீழும் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அது கை மாறி அந்த அறையை ஒரு சுற்று வந்தது. பிறகு மெக்கானிக் அதைச் சாவிக்கொத்தில் மறுபடி கோத்துக்கொண்டார்.

அண்ணன் நாலரைக்கு வந்தான். இன்சூரன்ஸ் ஆபீஸ் உடையிலேயே வந்திருந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்க நேரமாயிற்று. அப்புறம் முகம் கழுவப் பின்பக்கம் வந்து, பட்டறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தான். அவளும் கத்தரிக்காரரும் மறுபடி அங்கேதான் இருந்தார்கள். இந்த அறையின் வாசனை அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே ஒத்துக்காது. இன்று மூக்கைப் பொத்தவில்லை.

"என்ன பண்ற இங்க?"

அவள் துணியை விரித்துக் காட்டினாள். அவனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"கையுறை இல்லாமத் தொடவே மாட்டாரே. எனக்கு இதுக்கே எத்தனை தடவை திட்டு விழுந்திருக்கு."

அவள் டிராயரைத் திறந்தாள். அவன் உள்ளே கிடந்ததைப் பார்த்தான். அவளையும் பார்த்தான்.

"அப்ப, அந்த நேரத்துலயே."

"வலிச்சிருக்கும் போலண்ணா. கழட்டிப் போட்டுட்டு நெஞ்சைத் தேச்சிருக்கார். அதுக்கப்புறம் மிச்சம் இருந்த ஒரு பாதியையும் வெறுங்கையாலயே பெட்டிக்குள்ள மாட்டியிருக்கார். மூடியச் சாத்தி, நேரத்தை எழுதிட்டு, வந்து வயிறு சரியில்லைன்னு படுத்திருக்கார்."

"அம்மாவுக்கு?"

"வேண்டாம்."

அவன் டிராயரைச் சாத்தினான். கத்தரிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெளியே யாரோ வாடகை நாற்காலிகளை இறக்குகிற சத்தம்.

"இதை என்ன பண்ணப் போற?"

"வினிகர்ல போடணும். கருப்பு மொத்தமும் போயிடும். வெள்ளையாக்கிட்டு முதல்ல இருந்து ஆறு சுற்று."

"போட்டா?"

"போட்டா எல்லாம் போயிடும்."

"வேண்டாம். இதை எனக்குக் குடுத்துடு."

"அண்ணா, இது மாமாவோட கத்தரி. ரெண்டு பாதியும் ஒண்ணுக்கொண்ணு சேர்த்து அரைச்சது. இது இல்லேன்னா பள்ளிக்கூடத்துக்குப் பதினொண்ணுதான் போகும்."

கத்தரிக்காரர் திரும்பாமலே சொன்னார்: "நான் வேற அடிச்சுக்கறேம்மா. பத்து நாள்ல தர்றேன்னு பள்ளிக்கூடத்துல கேட்டுக்கறேன். புள்ள ஆசைப்படுது, குடு."

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மதியத்திலிருந்து எத்தனை தடவை அந்தத் துணியை விரித்துப் பார்த்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அண்ணன் சுற்றிலும் பார்த்தான். கதவுப் பக்கம் அவன் கண் நின்றது.

"என்கிட்டக்கூட வேண்டாம். இங்கயே இருக்கட்டும். அதோ, அந்த ஆணியில மாட்டிவை. சும்மாதானே இருக்கு."

அவள் ஆணியைப் பார்த்தாள்.

"அது எதுக்கு அடிச்ச ஆணின்னு மறந்துட்டியா?"

அவன் யோசித்தான். பிறகு அவன் முகம் மாறியது. வீட்டிலேயே தொழில் ஆரம்பித்த அன்றைக்கு அப்பா அடித்த ஆணி. திரும்பி வருகிற உருப்படியை அதில் மாட்டுவேன், தினமும் உள்ளே வரும்போது மூஞ்சிக்கு நேராக அதுதான் இருக்கணும் என்று இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். அண்ணன்தான் அன்றைக்குச் சுத்தியலை எடுத்துக்கொடுத்தவன்.

"முப்பத்தொரு வருஷம் அது காலியா இருக்கு" என்றாள் அவள். "எத்தனை ஆயிரம் உருப்படி. அதுல அவர் கெடுத்தது இது ஒண்ணு. அதப் போய் மாட்டச் சொல்றியா?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கத்தரிக்காரர் மூக்கை உறிஞ்சினார். தொட்டியின் தண்ணீர் ஆறும்போது தகடு ஒருமுறை டங்கென்றது.

"நல்லா செஞ்சது ஊரெல்லாம் கிடக்கு" என்றாள் மெதுவாக. "மதியம் ஒருத்தர் சாவிக்கொத்துல வச்சிருந்தார்."

அண்ணன் துணியின் பக்கம் கையை நீட்டி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

"தொடலாமா?"

"இனிமே தொடலாம்."

அவன் வளையத்துக்குள் தன் கட்டைவிரலை நுழைத்து அந்த இடத்தில் வைத்தான். அழுத்தவில்லை. பிறகு எழுந்துபோய்ச் சுவரோரமாக இருந்த வினிகர் கேனை அவனே தூக்கிவந்தான். மூக்கைச் சுளித்துக்கொண்டு தட்டில் ஊற்றினான். "போதுமா, இன்னும் ஊத்தவா?"

"முங்கணும். இன்னும் கொஞ்சம்."

அவள் அதை இறக்கினாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓரங்களிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. ரேகை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தாங்கியது. அதன் பிறகு அங்கேயும் இரும்பு வெளுத்தது.

மறுநாள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். தெருவில் இருந்த இரண்டு தையல் கடைகளும் மதியம் வரை ஷட்டரை இறக்கி வைத்திருந்தன. சாயங்காலம் அவள் வெளுத்த பாதியைத் தேய்த்து, பளபளப்பாக்கி, சோடாவில் கழுவி முதல் மருந்தைத் தடவினாள். வியாழன் இரண்டு சுற்று, வெள்ளி இரண்டு, சனி காலை ஒன்று. மற்ற இருபத்து மூன்றுக்கும் ஆறாவது சுற்றை நடுவில் முடித்தாள். கடைசியில்தான் கஷ்டம். ஒரே கத்தரியின் இரண்டு பாதிகள் இரண்டு கருப்பாக இருக்கக்கூடாது. சனிக்கிழமை மதியம் அதையும் அதன் ஜோடியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஜன்னலில் பார்த்தாள். தேறவில்லை. ஒரு முடி அளவு நீலம் தூக்கலாக இருந்தது. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஏழாவது சுற்று போட்டாள். அண்ணன் கேஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டான். இருட்டுவதற்குள் தேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கத்தரிக்காரர் பன்னிரண்டையும் ஆணியடித்து மூட்டி எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் காட்டிவிட்டுப் போகலாம் என்று. பட்டறை மேசைமேல் வெள்ளைக் காகிதம் விரித்து வரிசையாக வைத்தார். பன்னிரண்டும் கருப்பு. வெளிச்சத்தில் மினுங்காத, வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்கிற கருப்பு. வெட்டுகிற விளிம்பு மட்டும் வெள்ளிக் கோடு.

அண்ணன் சாயங்கால ரயிலுக்குப் பெட்டி கட்டிவிட்டு வந்து நின்றான்.

"இதுல எது மாமா அது?"

"நம்பர் உள்பக்கம் இருக்கும் தம்பி. ஆணி அடிச்சு மூடியாச்சு. இப்ப எனக்கே தெரியாது."

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் எஃகுப் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். லாரி டிரைவர் வண்டியின் பின்கதவுக் கொண்டிகள் நான்கைக் கொண்டுவந்து போட்டிருந்தார்.

"உனக்குமா தெரியாது?"

"பாரு. கண்டுபிடிச்சா சொல்லு."

அவன் முதல் கத்தரியை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனான். வளையத்தின் உள்பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். இரண்டு பாதிகளையும் விரித்து நிறத்தை ஒத்துப் பார்த்தான். வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தான். ஆறாவதில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதையும் வைத்தான். கத்தரிக்காரர் மடிக்க எடுத்த காகிதத்தைக் கையில் வைத்தபடி காத்திருந்தார்.

வழிக்குச் சாப்பாடு கட்டிய பையோடு அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ரயிலுக்கு நேரமாகுது. என்னடா தேடுற அதுல?"

"ஒண்ணுமில்லம்மா."

பன்னிரண்டாவதை அதன் இடத்தில் வைத்துவிட்டு, அவன் மறுபடி முதல் கத்தரியை எடுத்தான்.